சேர்மன் ராஜாஜி

1937 அக்டோபர் 1. சேலம் மாவட்டம் முழுக்கக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அன்றைய சென்னை மாகாணம் சின்ன மாகாணமல்ல. வடக்கே ஆந்திரக் கரையோர மாவட்டங்கள், மேற்கே மலபாரும் தென் கன்னடமும், தெற்கே திருநெல்வேலி. அத்தனை மாவட்டங்களை விட்டுவிட்டு ஏன் சேலம்? மதுவிலக்கைக் கொண்டுவந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி சேலத்துக்காரர் என்பது சட்டென்று வரும் பதில். பாதிப் பதில் அதுதான். மீதிப் பாதி அவர் அங்கே வகித்த ஒரு பதவியில் இருக்கிறது.

ராஜாஜி என்றதும் கவர்னர் ஜெனரல் ஞாபகத்துக்கு வருவார், 'சக்கரவர்த்தித் திருமகன்' வரும், குலக்கல்வி வரும், இரண்டு முறை முதல்வராக இருந்தது வரும். சேலம் நகராட்சி சேர்மனாக இருந்தது வராது. வாழ்க்கை வரலாறுகளில்கூட அது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் சட்டசபைக்குள் அவர் என்ன செய்தார், எதில் ஜெயித்தார், எதில் மூக்குடைபட்டார் என்று வரிசையாகப் பார்த்தால், அந்த அரைப் பக்கத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. கோட்டையில் உட்கார்ந்தபோதும் அவர் சேர்மன்தான். அவருடைய பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

ஓட்டுப் போட்டவர்கள் யார்?

இந்தியர்களுக்கு ஆட்சியில் கொஞ்சம் பழக்கம் வரட்டும் என்று உள்ளாட்சிக்குக் கதவு திறந்தவர் வைஸ்ராய் ரிப்பன் பிரபு. அவருடைய தீர்மானம் வந்த ஆண்டு 1882. சேலம் நகராட்சி அதற்கும் முந்தையது, 1866-ல் பிறந்தது. ரிப்பன் தீர்மானம் வந்த அதே 1882-ல் சேலத்தில் பெரிய கலவரம் நடந்தது. அப்போது நகராட்சி உறுப்பினராக இருந்த இளம் வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார் மேல் கலவரத்தைத் தூண்டியதாக வழக்குப் போட்டார்கள். பத்தாண்டு தண்டனை கிடைத்தது. அவர் போராடி வெளியே வந்தார். 1895-ல் மாகாண சட்டசபைக்குப் போனார். 1920-ல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். சேலம் நகராட்சியிலிருந்து சென்னை சட்டசபைக்கு ஒரு பாதை உண்டு என்பதை ராஜாஜிக்கு முன்பே அந்த ஊர் பார்த்துவிட்டது.

அன்றைய நகராட்சித் தேர்தலை இன்றைய தேர்தல் மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. பெண்களும் கூலிக்காரர்களும் பட்டியலிலேயே கிடையாது. உறுப்பினர்களில் ஒரு பகுதியை அரசாங்கமே நியமிக்கும். ஜெயித்து வருகிறவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், வியாபாரிகள், நிலக்காரர்கள். சம்பளம் கிடையாது, மேலே கலெக்டரின் கண் இருக்கும், கையிருப்பு எப்போதும் பற்றாக்குறை. வீட்டு வரியை உயர்த்தினால் ஓட்டுப் போட்டவனே வாசலில் வந்து நிற்பான். உயர்த்தாவிட்டால் தெருவிளக்குக்கு எண்ணெய் இருக்காது. அரசியல் படிக்க இதைவிடக் கறாரான பள்ளிக்கூடம் கிடையாது.

ராஜாஜி அந்தப் பள்ளியில் சேர்ந்தது 1911-ல். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர். பெங்களூரிலும் சென்னையிலும் படித்துவிட்டு 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் ஆரம்பித்தார். கிரிமினல் வழக்குகளில் பெயர், கையில் நல்ல வருமானம். நகராட்சிக்குள் நுழையும்போது வயது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. 1917-ல் சேர்மன் ஆனார். 1919 வரை அந்த நாற்காலி.

அக்ரஹாரத்துக் குழாய்

அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த ஒரு சம்பவத்தை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். சேலத்தில் தண்ணீர் என்றைக்கும் தாராளமாக ஓடியதில்லை. மேட்டூர் அணை வருவதற்குப் பல ஆண்டுகள் இருந்தன. குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட, அடைக்க நகராட்சி ஆள் ஒருவர் வேண்டும். பிராமணர்கள் குடியிருந்த தெருவில் அந்த வேலைக்கு ஒரு தாழ்த்தப்பட்ட சமூகத்துக்காரரைப் போட்டார் சேர்மன்.

தெரு கொதித்தது. அவர் தொட்ட குழாயிலிருந்து வரும் தண்ணீரை எப்படிக் குடிப்பது, மடி ஆசாரம் என்ன ஆவது என்று கேட்டுக்கொண்டு சேர்மனிடமே போனார்கள். போனவர்களும் ஐயங்கார், ஐயர், கேட்கப்பட்டவரும் ஐயங்கார். சேர்மன் மசியவில்லை. ஆளை மாற்றவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அவர் கையால்தான் வரும். குடிக்காமல் எத்தனை நாள் இருக்க முடியும்? எதிர்ப்பு ஓய்ந்தது.

மேடையில் தீண்டாமையைக் கண்டித்துப் பேசுவது அன்றைக்கே பல பேருக்குக் கைவந்த கலையாகிவிட்டிருந்தது. இது வேறு ஜாதி. பேச்சே இல்லை, ஒரு நியமன உத்தரவு, அதை மாற்ற மறுப்பது, அவ்வளவுதான். சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்ததும் ராஜாஜி காலத்தில்தான், அவர் முயற்சியால்தான்.

அதே ஆண்டுகளில் இன்னொரு வேலையும் நடந்தது. 1916-ல் சேலத்தில் சில நண்பர்களோடு சேர்ந்து, விஞ்ஞானப் பாடங்களுக்குத் தமிழ்ச் சொற்கள் உண்டாக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார். ரசாயனமும் பௌதிகமும் தாவரவியலும் தமிழில் சொல்ல முடியும் என்று காட்ட ஒரு பத்திரிகையும் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் 'திண்ணை ரசாயனம்' எழுதியவரின் ஆசை அங்கே ஆரம்பித்தது. 1938-ல் தமிழுக்கு எதிரி என்று ஊர் ஊராக அவர் கொடும்பாவி எரிந்தபோது இதை யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

சேலத்திலிருந்து ரயிலேறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஈரோடு. அங்கே நகராட்சி சேர்மன் யார் தெரியுமா? ஈ.வெ. ராமசாமி, பின்னாளின் பெரியார். கிட்டத்தட்ட அதே காலம். ஈரோட்டுக்குக் காவிரிக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு சேர்மன்களும் சிநேகமானார்கள். ராமசாமி காங்கிரஸுக்கு வந்ததில் ராஜாஜியின் கை உண்டு. இருவரும் பதவியை விட்டுவிட்டுக் காந்தியின் பின்னால் போனார்கள். பிறகு எதிரெதிர் திசை. ஐம்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் எதிர்த்தும் நட்பு அறுபடவில்லை. 1972-ல் ராஜாஜியின் இறுதிச் சடங்கில் பெரியார் கண்ணீர் விட்டதைத் தமிழ்நாடே பார்த்தது. இவர்கள் நட்பைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இருவரும் முதலில் சந்தித்துக்கொண்ட தளம் வேதாந்தமோ நாத்திகமோ அல்ல, குடிதண்ணீரும் நகராட்சிக் கணக்கும் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

போகாதே என்றவர் போனார்

1919-ல் ராஜாஜி சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அந்த மார்ச் மாதம் காந்தி அவர் வீட்டில்தான் தங்கினார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு தழுவிய ஹர்த்தால் என்ற யோசனை காந்திக்கு அங்கே உதித்தது. வக்கீல் தொழில் போயிற்று, ஜெயில் வந்தது.

அடுத்த கட்டம் வேடிக்கையானது. 1922-ல் சட்டசபைக்குப் போகலாமா கூடாதா என்று காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. சி.ஆர். தாஸும் மோதிலால் நேருவும் போகலாம் என்றார்கள். போகக் கூடாது என்ற அணிக்கு கயா மாநாட்டில் முன்னால் நின்று வாதாடியவர் ராஜாஜி. காந்தி ஜெயிலில் இருந்தார்; காந்தியின் குரலாக ஒலித்தவர் இவர். அன்று அவர் பக்கம்தான் வென்றது. தாஸ், மோதிலாலோடு போன தமிழர்களில் முக்கியமானவர் எஸ். சத்தியமூர்த்தி. சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து 1923-ல் சட்டசபைக்குப் போய் அரசாங்கத்தைக் கேள்வி கேட்டே திணறடித்தார்.

ராஜாஜி 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் வைத்தார். கதர், மதுவிலக்குப் பிரசாரம், தீண்டாமை ஒழிப்பு. 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். கல்கி கிருஷ்ணமூர்த்தி அதில் வேலை பார்த்தார். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்.

1937 தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159-ஐப் பிடித்தது. பிரதமராகப் போகிறவர் (அன்று முதலமைச்சருக்கு அதுதான் பட்டம்) எந்தத் தொகுதியில் நின்றார்? சேலத்தில் அல்ல. பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போடும் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியில். அது சத்தியமூர்த்தியின் தொகுதி. அவர் விட்டுக்கொடுத்தார். அமைச்சரவையிலும் அவருக்கு இடம் இல்லை. சத்தியமூர்த்தியின் கதை தலைகீழாகப் போனது: சட்டசபையிலிருந்து நகரசபைக்கு. 1939-ல் சென்னை மேயராகி, யுத்த காலத்தில் வெள்ளைக்கார அரசோடு மல்லுக்கட்டிப் பூண்டி நீர்த்தேக்க வேலையை ஆரம்பித்து வைத்தார். சென்னைக்காரர்கள் இன்றும் அவரைக் குடிக்கிறார்கள். ராஜாஜி அவருக்குச் செய்தது நியாயமா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே என் பதில்.

ஒரு மாவட்டம் முதலில்

1937-ல் தொடங்கிய அந்த 27 மாத ஆட்சிதான் ராஜாஜியின் சட்டசபை வாழ்க்கையின் உச்சம். மதுவிலக்கையே எடுத்துக்கொள்வோம். இன்னொருவராக இருந்தால் மாகாணம் முழுக்க ஒரே நாளில் மூடிவிடுகிறேன் என்று மேடையில் முழங்கியிருப்பார். மாகாண வருமானத்தில் கள், சாராயத்திலிருந்து வந்தது மிகப் பெரிய பங்கு. ராஜாஜி நிதி இலாகாவையும் தானே வைத்துக்கொண்டு, ஒரு மாவட்டத்தில் மூடினார். தனக்குத் தெரு தெருவாகத் தெரிந்த மாவட்டத்தில். என்ன நஷ்டம், என்ன லாபம் என்று பார்த்துவிட்டு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு என்று ஒவ்வொன்றாகப் போனார்.

போன வருமானத்துக்கு வேறு வழி? 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பெட்ரோல், புகையிலை என்று தனித்தனிப் பொருளுக்கு வரி போட்ட மாகாணங்கள் இருந்தன. எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விற்பனை வரி போட்டது இந்தியாவிலேயே சென்னைதான் முதல். விகிதம் மிகச் சொற்பம். சின்னக் கடைக்காரருக்கு விலக்கு. வியாபாரிகள் கத்தினார்கள். ஆனால் மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாக அதையே பிடித்துக்கொண்டன. சுதந்திரத்துக்குப் பிறகு மாநிலங்களுக்குச் சோறு போட்டது அந்த வரிதான். இன்று ஓட்டலில் ஜி.எஸ்.டி. பில்லைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் வம்சாவளியைத் தேடிப் போனால் சேலம் சேர்மனிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். ஒரு வரியை எடுத்தால் இன்னொன்றைப் போட்டாக வேண்டும் என்பது வீட்டு வரி வசூலித்துத் தெருவிளக்கு எரித்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வரி நிலைத்தது, மதுவிலக்கு நிலைக்கவில்லை என்பது வேறு கதை. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், தொண்ணூற்றிரண்டு வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலன் இல்லை.

1938-ல் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்திலும் கணக்குப் பிள்ளையின் மூளைதான் வேலை செய்தது. கடன் ரத்து என்று ஒட்டுமொத்தமாக அறிவிக்கவில்லை. 1932 அக்டோபருக்கு முந்தைய கடனா? 1937 அக்டோபர் வரை நிற்கும் வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலை மட்டும் கட்டு. ஒரு குடியானவர் 1928-ல் நூறு ரூபாய் வாங்கி, வட்டியும் அசலுமாக இருநூறு ரூபாய் ஏற்கெனவே கட்டிவிட்டாரா? கடன் தீர்ந்தது, பத்திரத்தைக் கிழித்துப் போடலாம். அசலைப் போல் இருமடங்குக்கு மேல் யாரும் வாங்கக் கூடாது என்ற பழைய தர்மத்தைச் சட்டமாக்கினார். கிராமத்தில் கைநாட்டு வைக்கிறவருக்கும் புரியும் சட்டம்.

1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு போனார். சனாதனிகள் கோர்ட்டுக்குக் கிளம்பினார்கள். உள்ளே விட்ட அதிகாரிகளும் தர்மகர்த்தாக்களும் கூண்டில் ஏற வேண்டிய நிலை. அவர்களைப் பாதுகாக்கச் சட்டம் கொண்டுவந்தார் ராஜாஜி. முதலில் கதவு திறந்துவிட்டது. சட்டம் பின்னால் வந்து காவலுக்கு நின்றது. சேலத்துக் குழாய் விவகாரத்தை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருந்திருக்காது.

மசியாத குணம்

அக்ரஹாரத்தில் மசியாதது சரி. ஆனால் மசியாமல் இருப்பதே ஒரு பழக்கமாகிவிட்டால்?

1938-ல் உயர்நிலைப் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கினார். இதுவும் முதலில் 125 பள்ளிகளில் மட்டும்; அதே 'கொஞ்சம் செய்து பார்ப்போம்' முறைதான். ஊர் கொதித்தது. மறியல் செய்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல் கைதானார்கள். பெரியாரும் ஜெயிலுக்குப் போனார். அனுப்பியவர் பழைய ஈரோட்டு சேர்மனின் பழைய சேலத்து நண்பர். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். மறியல்காரர்கள் மேல் பாய்ந்த சட்டம், வெள்ளைக்காரன் காங்கிரஸை ஒடுக்கப் போட்ட அதே சட்டம். ஒரு தெரு எதிர்த்தால் நாலு நாள் பொறுத்தால் அடங்கிவிடும். ஒரு மொழியே எதிர்த்தால் அடங்காது என்பதை அவர் கணக்குப் போடவில்லை. யுத்தத்தை ஒட்டி 1939 அக்டோபரில் அமைச்சரவை ராஜினாமா செய்தது; 1940 பிப்ரவரியில் கவர்னர் ஆட்சி கட்டாய ஹிந்தியை எடுத்துவிட்டது. பின்னாளில் ராஜாஜியே ஹிந்தித் திணிப்புக்கு எதிரான பெரிய குரலானார். மனம் மாறுவது தவறல்ல. 1938-லேயே மாறியிருந்தால் இரண்டு உயிர் மிஞ்சியிருக்கும்.

இடையில் டில்லி, கல்கத்தா, கவர்னர் ஜெனரல் மாளிகை. அவற்றை விட்டுவிடுவோம். 1952-ல் மறுபடி சென்னை. காங்கிரஸுக்கு 375-ல் 152 இடம்தான் கிடைத்தது. கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆட்சி அமைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், ஓய்வில் இருந்த எழுபத்துமூன்று வயதுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா மேல்சபைக்கு நியமித்தார், முதலமைச்சராகப் பதவியேற்றார். இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து வரலாமே என்று கேட்டார்கள். அவர் அதற்குத் தயாராக இல்லை. ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 200, எதிர்ப்பு 151. கைதேர்ந்த ஆட்டம்தான். ஆனாலும் கவனியுங்கள்: 1911-ல் வார்டுக்காரர்களின் ஓட்டில் ஆரம்பித்த மனிதர், மாகாண சபைக்கு ஒருமுறை பட்டதாரிகள் ஓட்டில் வந்தார், இன்னொரு முறை கவர்னர் கையெழுத்தில் வந்தார். சாதாரண வாக்காளனின் வாசற்படியை மிதித்து ஓட்டுக் கேட்ட அனுபவம் சேலத்தோடு முடிந்துவிட்டது.

வந்ததும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். யுத்த காலத்திலிருந்து ரேஷன் கடை வாசலில் கால் கடுக்க நின்ற ஜனங்கள் மூச்சு விட்டார்கள். அதிகாரிகள் பயமுறுத்தியபடி பஞ்சம் வந்துவிடவில்லை. அது பழைய சேர்மன். தொட்டால் பலன் தெரியும் காரியம்.

அடுத்தது குலக்கல்வி. 1953-ல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பு மூன்று மணி நேரம்தான் என்றார். மாணவர்கள் இரண்டு பிரிவாக மாறி மாறி வருவார்கள். மீதி நேரம் பிள்ளைகள் அப்பனின் தொழிலையோ ஊரில் நடக்கும் தொழில்களையோ பார்த்துக் கற்கட்டும். காசில்லாமல் இரட்டிப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் தரலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் வண்ணார் மகன் துணி வெளுக்கத்தானா, அம்பட்டர் மகன் சிரைக்கத்தானா என்று கேட்டார்கள். பெரியாரும் தி.மு.க.வும் மட்டும் கேட்கவில்லை, காங்கிரஸ்காரர்களே கேட்டார்கள். நகராட்சி எல்லைக்குள் இருந்த பள்ளிகளுக்கு இத்திட்டம் கிடையாது, கிராமத்துக்கு மட்டும் என்பது எரிகிற நெருப்பில் எண்ணெய். சட்டசபையையோ கட்சியையோ கலக்காமல் உத்தரவு போட்டிருந்தார். ஜூலை மாதம் சட்டசபையில் திட்டத்தை நிறுத்தச் சொல்லி வந்த தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பும் 138. மயிரிழையில் தப்பியது. நிபுணர் குழு ஆராயட்டும் என்று இன்னொரு தீர்மானம் ஜெயித்தது.

1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். காமராஜ் வந்தார். காமராஜ் செய்த முதல் காரியங்களில் ஒன்று குலக்கல்வியைத் தூக்கியது. இன்னொன்று, மேல்சபை வழியாக வராமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் ஓட்டு வாங்கி உள்ளே வந்தது. ராஜாஜிக்கு இதைவிட மரியாதையான, இதைவிடக் கடுமையான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது.

இன்றைக்கு ஆரம்பிப்பது எங்கே?

நகராட்சியில் ஆரம்பித்தவர்கள் ராஜாஜி ஒருவர் மட்டுமல்ல. படேல் அகமதாபாத் நகராட்சித் தலைவர், நேரு அலகாபாத், ராஜேந்திர பிரசாத் பாட்னா. 1920-களின் நகராட்சிகள்தான் 1947-க்கு ஆள் தயார் செய்தன. சாக்கடையைப் பற்றிப் பேச வெட்கப்படாத தலைமுறை அது.

பின்னால் அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்றாயிற்று. சேலம் 1994-ல் மாநகராட்சி ஆனது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் என்ன பாடுபட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில், அதுவும் எல்லா மாவட்டங்களுக்கும் அல்ல. நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக சேலத்திலும் ஈரோட்டிலும் சென்னையிலும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் முப்பத்துமூன்று வயது வக்கீல் ஒருவர் தன் தெருக் குழாயைப் பற்றிக் கவலைப்பட்டு வார்டில் நிற்க நினைத்திருந்தால், நிற்க இடம் இருந்திருக்காது.

ஆளும் கட்சி எதுவானாலும் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது: வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, கோர்ட் வழக்கு. அடுத்த சட்டசபைத் தேர்தலில் உங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நீங்கள் எந்த வார்டுக்கு, எந்த ஊராட்சிக்கு வேலை பார்த்திருக்கிறீர்கள்? ஜெயித்தால் உள்ளாட்சித் தேர்தலைத் தேதி தவறாமல் நடத்தச் சொல்லி சபையில் எழுந்து பேசுவீர்களா? பதிலைக் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள்.